நான்கு விரற்கடைத் தண்ணீர்

கல்லணை வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தாமல் போவது அரிது. பெரியப்பா, "நிறுத்த வேணாம், ஓட்டு" என்றார். முப்பது வருடங்களுக்கு மேல் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவருக்கு மதகுகளை வேடிக்கை பார்ப்பது சலித்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அணையை ஒட்டி வண்டி ஊர்ந்தபோது கண்ணாடியை இறக்கிவிட்டு, காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்துபோகும் தண்ணீரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கொள்ளிடத்தின் பக்கம் திரும்பவில்லை. அது வெள்ளக் காலத்து வடிகால். அவருடைய கணக்கில் சேராதது.

2023, தை பிறந்து ஐந்தாறு நாட்கள் ஆகியிருந்தன. வழக்கமான ஜூன் 12க்குக் காத்திராமல் முந்தைய ஆண்டு மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் போய்க்கொண்டிருந்தது வேதாரண்யம் வட்டத்தில் இருக்கும் எங்கள் மூன்று மா நிலத்தை விற்பதற்கு. அப்பா இறந்தபின் பட்டாவில் மிஞ்சியிருந்த மூத்த பெயர் பெரியப்பாவுடையது. அவர் கையெழுத்து இல்லாமல் பத்திரம் பதிவாகாது. வாங்குகிறவர் அங்கே இறால் குட்டை வெட்டப்போகிறார் என்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி'யைப் படித்தவர்களுக்குக் காவிரி என்றால் பூம்புகாரில் கடலைத் தொடும் நதி. எங்களுக்கு அந்தக் காவிரியோடு உறவு கிடையாது. எங்கள் தண்ணீர் வெண்ணாற்றில் வருவது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் அது பிரிந்து கோரையாறு, பாமணியாறு என்று வேறு பெயர்களை எடுத்துக்கொள்ளும். அப்புறம் முள்ளியாறு, அடப்பாறு, அரிச்சந்திரா நதி. ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் மெலிந்து, கடைசியில் ஊர்ப் பெயர்கூட இல்லாத ஒரு வாய்க்காலாகி எங்கள் வயலுக்கு வந்து சேரும். வராமலும் போகும்.

பூதலூர் வழியாகத் தஞ்சாவூர். அங்கிருந்து நீடாமங்கலம் சாலை. சம்பா முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது. பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகும் அந்த நிறத்துக்குப் பெயர் வைத்தவர் உண்டா என்று தெரியவில்லை. அறுவடை முடிந்த தாள்களின் நடுவே கொக்குகள். மதகுக் கட்டைகளில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள். ஆற்றில் பாதியை நெய்வேலிக் காட்டாமணக்கு மூடியிருந்தாலும் எஞ்சிய பாதியில் வானம் தெரிந்தது. இந்தச் சாலையைப் போல மனிதனைச் சோம்பேறியாக்கும் சாலை தமிழ்நாட்டில் வேறொன்று இல்லை என்பது என் கட்சி.

நீடாமங்கலம் தாண்டி, ஒரு தலைப்பு மதகுக்கு அருகில் – பெயர் வேண்டாம் – "இங்க நிறுத்து" என்றார்.

கரையில் அவர் குடியிருந்த ஓட்டு வீடு கூரையிழந்து நின்றது. ஷட்டர் திருகுகளில் புதிதாக மசகு பூசியிருந்தார்கள். அவர் கைப்பிடியைத் தொடவில்லை. பக்கத்தில் நின்றபடி, "உங்கப்பன் அன்னிக்கு இந்த இடத்துலதான் நின்னான்" என்றார்.

அந்தக் கதையை நான் அம்மாவிடமிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 1987 என்று நினைவு. முறைப்பாசனம் வைத்திருந்த வறண்ட வருடம். நடவு காய்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பேருந்தில் வந்திறங்கிய அப்பா, அண்ணனிடம் ஷட்டரை ஒரு சாண் தூக்கச் சொல்லிக் கேட்டார். அண்ணன் மறுத்துவிட்டார். சாப்பிடச் சொன்னதற்கும் நிற்காமல் இருட்டில் நடந்தே திரும்பினார் அப்பா. அதற்குப்பின் இருவரும் கல்யாணங்களில் எதிரெதிர் பந்திகளில் உட்கார்ந்தார்கள். அப்பாவின் சாவுக்குப் பெரியப்பா வந்து வாசலிலேயே நின்றார்.

"அவன் போனப்புறம் நாலு விரக்கடை தூக்கினேன்" என்றார் பெரியப்பா. "விடியறதுக்குள்ள இறக்கிட்டேன்."

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. பிறகு, "அப்பாகிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? தண்ணி எங்கேன்னுதானே கேப்பான்."

நான்கு விரற்கடைத் தண்ணீர் அங்கிருந்து எங்கள் வயல்வரை வராது. இடையில் எத்தனை ஊர்கள், எத்தனை காய்ந்த நாற்றங்கால்கள். அது மறுநாள் பொழுதுக்குள் யாரோ முகம் தெரியாதவர்களின் வயலில் இறங்கியிருக்கும். அந்த ராத்திரி அவருக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தும் தூக்கியிருக்கிறார்.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் நிலத்தின் முகம் மாறுகிறது. மரங்கள் குறைந்து, மண் வெளுத்து, காற்றில் உப்பு ஏறுகிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் முறித்துப்போட்ட தென்னந்தோப்புகளில் இளங்கன்றுகள் தலையெடுத்திருந்தன. 1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்தது இந்த வேதாரண்யத்துக்குத்தான். நாங்கள் காரில் போனோம். எங்கள் மண்ணிலேயே உப்பு வந்து சேர்ந்திருந்தது.

வயலில் நாலைந்து வருடங்களாகப் பயிரில்லை. சுற்றிலும் சதுரம் சதுரமாகக் குட்டைகள், காற்றடிக்கும் இயந்திரங்களின் சளசளப்பு. கடலோர இறால் பண்ணைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பும், 2005இல் வந்த சட்டமும் எங்கள் வரப்புவரை எந்த வடிவில் வந்து சேர்ந்தன என்று விளக்க எனக்குத் திராணியில்லை. பெரியப்பா வாய்க்காலில் இறங்கி ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"குட்டை வெட்டத்தானே வாங்குறான்?" என்றார். தலையசைத்தேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

பொழுது இருந்ததால் கோடியக்கரைக்குப் போனோம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் அங்கே பூங்குழலியைத் தேடுவார்கள். நானும் பதினைந்து வயதில் தேடியவன்தான். 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமான அந்தச் சதுப்பில், வெகுதூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு தெரிந்தது. பூநாரைகள். உவர்நீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி இரையை வடிகட்டி எடுப்பவை. நம் வயலைக் கெடுக்கிற உப்புதான் அவற்றுக்குச் சோறு. பெரியப்பா கையைப் புருவத்தில் வைத்து இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இதுகளுக்குக் கடைமடைதான் தலைமடை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலையில் பத்திர எழுத்தர் வரைவைப் படித்துக் காட்டினார். செக்குபந்தி வந்தபோது, கிழக்கே இன்னாருடைய இறால் பண்ணை என்றார். பெரியப்பா கையை உயர்த்தித் தடுத்தார்.

"கிழக்கே பாசன வாய்க்கால்னு எழுதுங்க."

"இப்ப அங்க வாய்க்காலே இல்லீங்களே, ஐயா. குட்டையோட சேர்த்துட்டாங்க."

"நேத்து நான் இறங்கிப் பாத்தேன். இருக்கு. எழுதுங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். எழுதச் சொன்னேன். அதன்பின் பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பக்கத்துக்கு ஒன்றாக எல்லாத் தாள்களிலும் கையெழுத்திட்டார்.