ரயில் போன வழியில் ரெண்டு சைக்கிள்

எங்கள் கருங்கல்லில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் பள்ளியாடிக்குப் போக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கே ரயில் வந்து சேர்ந்தது 1979-ல்தான். எனக்கும் என் தோழிக்கும் அப்போது நாலு வயது. ரயில் என்றால் எங்களுக்குப் புதிதாக வந்த ஒன்று. ஓடிக்கொண்டிருந்த ரயில் நின்றுபோய், தண்டவாளமும் இல்லாமல் போன ஊர்கள் இருக்கின்றன என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதைச் சொன்னவள் தோழிதான். அவள் நர்ஸ். இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தாள். தம்பியின் படிப்பு, தங்கைகளின் கல்யாணம், மாடி வீடு எல்லாம் அந்தச் சம்பளத்தில் ஆனவை. அங்கே கூட வேலை பார்த்த நியூசிலாந்துப் பெண் ஒருத்தி, தன் நாட்டின் ஒட்டாகோ பாதைப் படங்களைக் காட்டுவாளாம். 1990-ல் மூடிய ரயில் பாதை அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, 2000-ல் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். நீளம் 152 கிலோமீட்டர். ரயிலால் செங்குத்தாக மேடு ஏற முடியாது என்பதால் பாதையிலும் கடுமையான ஏற்றம் இருக்காது. வயதானவர்கள்கூட நாலைந்து நாளில் ஓட்டி முடிக்கிறார்கள்.

"எட்டி, ஊருக்கு வந்தா நாமளும் இப்படி ஒண்ணு போவணும்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

போன வருடம் ஒரேயடியாக ஊர் திரும்பினாள். வீட்டில் ராஜ மரியாதைதான். அடுப்படிக்குப் போனால் தம்பி மனைவி கரண்டியை வாங்கிக்கொள்வாள். தம்பியோ, "அக்கா, நீ உழைச்சதெல்லாம் போதும். இனி சும்மா இருந்தா மதி" என்பான். எங்கள் பக்கம் 'மதி' என்றால் 'போதும்'. பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றே மாதத்தில் அவள் முகம் வாடிவிட்டது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பாள், பார்க்க மாட்டாள். ஐம்பது வயதில் ஒருத்தியை அலமாரியில் எடுத்து வைத்த மாதிரி இருந்தது. அவளை எப்படியாவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஒட்டாகோ மாதிரி பாதை நம் பக்கம் இல்லை. ஆனால், ரயில் இருந்து இல்லாமல் போன வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூருக்கு ஓடிய குட்டி ரயில். இன்னொன்று, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில். இரண்டையும் கோத்துப் பார்த்தால் கருங்கல்லிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. நாள் ஒன்றுக்கு ஐம்பது என்று வைத்து, ஏழு நாள் திட்டம் போட்டோம்.

தம்பி கேட்டான், "கூட யாரு வாறா?"

"இவ வாறா."

"அதில்லக்கா, ஆம்பளைய யாரு வாறா?"

தோழி பதில் சொல்லவில்லை. மகளுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்தாள்.

என் தையல் கடையில் பிப்ரவரியில்தான் வேலை குறைவு. அந்த மாதம் வடகிழக்குக் காற்று எதிரே வரும் என்று தெரிந்தே கிளம்பினோம். விடிவதற்கு முன் புறப்பட்டு, பதினோரு மணிக்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசியை முடிப்பது என்று முடிவு. நாகர்கோவில், அஞ்சுகிராமம் தாண்டியதும் தென்னை குறைந்து, காற்றாலைகள் கூடவே வந்தன. இரண்டாம் நாள் இரவு உவரியில் தங்கல்.

மூன்றாம் நாள்தான் எங்கள் முதல் ரயில் பாதை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனத்துக்குச் சர்க்கரை ஆலை இருந்தது. அதற்காகப் போட்ட குட்டி ரயிலில் ஜனங்களும் போய் வந்தார்கள். ஆலை மூடியதும் ரயிலும் நின்றது. எங்கள் கண்ணில் ஒரு துண்டுத் தண்டவாளம்கூடப் படவில்லை. செம்மண் தேரியும் பனையும்தான். உடன்குடியில் கருப்பட்டி வாங்கிய கடையில் ஒரு பெரியவர், "எங்க அய்யா அந்த ரயில்ல போயிருக்காவ" என்றார். குட்டி ரயில் ஓடிய அதே குலசேகரன்பட்டினத்தில் இப்போது இஸ்ரோ ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறது. 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் தூத்துக்குடியில் ஒரு லாட்ஜில், "கூட ஜென்ட்ஸ் இல்லாம ரூம் தர்றதில்லை" என்றார்கள். நான் சண்டைக்குத் தயாரானேன். தோழி, "வா, அடுத்த லாட்ஜ் பார்ப்போம்" என்று சைக்கிளைத் திருப்பினாள். மூன்றாவது இடத்தில் ஒரு அம்மா ஆதார் அட்டையைப் பார்த்தார், பிறகு சைக்கிளைப் பார்த்தார், "கருங்கல்லேருந்தா!" என்று சுடுதண்ணீரும் கொடுத்தார்.

வேம்பாருக்குப் பிறகு இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். ஒரே நாளில் நாலு பஞ்சர். கை பம்பும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் கொண்டுபோனதால் தப்பித்தோம். நாலாவது பஞ்சரை ஒட்டிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே அவள் பேச ஆரம்பித்தாள்.

"எனக்குக் களைப்பு ஒண்ணும் இல்லட்டி. ராத்திரி டியூட்டி பார்த்த உடம்பு, சும்மா இருக்கத்தான் முடியல்ல. நம்ம ஊருல எத்தன வீட்டுல பிள்ளைய வெளிநாட்டுல இருக்கு, அப்பனும் அம்மையும் கட்டில்ல கெடக்கு. புண்ணு கழுவ ஆளில்ல. எனக்கு அந்த வேல தெரியும். ஆனா வீட்டுல சொன்னா, துட்டுக்கு என்ன குறைன்னு கேப்பாவ."

நான் ஒன்றும் சொல்லவில்லை. டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன்.

பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று தள்ளியதால் இறங்கி உருட்டினோம். பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். முதல் ரயில் பாலம் 1914-ல் வந்தது. அந்தக் காலத்தில் சென்னையில் ரயிலேறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அத்தனையையும் முடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பிறகு, மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது.

ஏழாம் நாள் காலை அங்கே போய்ச் சேர்ந்தோம். அரிச்சல்முனை வரை 2017-ல் போட்ட தார்ச்சாலை. இரண்டு பக்கமும் கடல். இடிந்த ரயில் நிலையம், கூரையில்லாத தேவாலயம். அவற்றுக்கு நடுவே ஓலைக் குடிசைகள். ஒரு அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். சங்கு, பாசி விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் கஷ்டம்தான், ஆனாலும் கடலை விட்டுப் போக மனசில்லை என்றார் அந்த அம்மா.

தோழி மீனைத் தின்றுகொண்டே சொன்னாள். "வாழ முடியாதுன்னு எழுதி வச்சு அறுபது வருசம் ஆச்சு. அவிய பாட்டுக்கு இருக்காவ பாத்தியா?"

சைக்கிள்களைப் பார்சலில் போட்டு ரயிலில் ஊர் திரும்பினோம். மறுநாள் ராத்திரி சாப்பிடும்போது அவள் தம்பியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள். அவன் ரெண்டு நாள் பேசவில்லையாம். இப்போது அவள் காலையில் ஏழு வீடுகளுக்குப் போய் வருகிறாள். முடிந்தவர்கள் காசு கொடுக்கிறார்கள், முடியாதவர்கள் மரச்சீனிக் கிழங்கு கொடுத்து அனுப்புகிறார்கள். போக்குவரத்து அதே இலவச சைக்கிளில்தான். அதற்கு நல்ல பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தது தம்பிதான்.