'பாத்துக் குடுங்க அங்கிள்!' - ரேட் சொல்லத் தெரியாமல் நான் படித்த பாடம்

போன வாரம் ஆபீஸில் ஒரு செய்தியை அப்லோடு செய்துகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். டிப்ளமோவில் எனக்கு ஜூனியர் ஒருத்தி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, ஒரு கல்யாண ஆர்டர் வந்திருக்கு. எவ்வளவு கேக்கலாம்?"

உடனே ஒரு நம்பரை டைப் செய்து அனுப்பியிருக்கலாம். ஆனால், விரல் நகரவில்லை. இதே கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு காலத்தில் நான் பட்ட பாடு ஞாபகம் வந்துவிட்டது.

2022-ல் ஜர்னலிசம் டிப்ளமோ முடித்தேன். வேலை உடனே கிடைக்கவில்லை. சொந்த ஊரான மன்னார்குடிக்கே திரும்பினேன். போட்டோ நன்றாக எடுப்பேன் என்று காலேஜில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் டி750 வாங்கினேன். விலை 60,000 ரூபாய். பாதி, டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. மீதிப் பாதி, அம்மா மகளிர் குழுவில் என் பெயரைச் சொல்லி வாங்கிக் கொடுத்த கடன். மாதம் 2,700 ரூபாய் தவணை. குழுக் கூட்டத்தில் தவணை கட்டாவிட்டால் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை, அம்மா.

முதல் சம்பளம் 501 ரூபாய்

முதல் ஆர்டர், அம்மாவின் தோழி வீட்டு வளைகாப்பு. "எவ்வளவும்மா ஆகும்?" என்று கேட்டார் அந்த வீட்டுப் பெரியவர். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நம் வீட்டுப் பெண்ணைப் போலப் பேசுகிறவரிடம் எப்படிக் காசு கேட்பது? "பாத்துக் குடுங்க அங்கிள்" என்றேன்.

அவரும் பார்த்துதான் கொடுத்தார். வெற்றிலை பாக்கு, ஒரு ஜாக்கெட் பிட், மஞ்சள் தடவிய கவரில் 501 ரூபாய். நான்கு மணி நேரம் நின்று, 600 படங்கள் எடுத்து, மூன்று ராத்திரி எடிட் செய்ததற்கு. அவர் மேல் கோபமே வரவில்லை. என்ன வேண்டும் என்று நான்தான் சொல்லவில்லையே!

அந்தப் படங்களைப் பார்த்துதான் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், 40 பக்க ஆல்பம். இந்த முறை 'பாத்துக் குடுங்க' சொல்லக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். "12,000 ரூபாய்" என்றேன். அவர்கள் பேரமே பேசவில்லை. உடனே சரி என்றார்கள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

கூட வந்த போட்டோகிராபருக்கு 4,000. இரண்டு நாள் லென்ஸ் வாடகை 1,600. ஆட்டோ, பெட்ரோல் 700. ஆல்பம் பிரின்ட் 5,200. கூட்டிப் பாருங்கள், 11,500. கையில் நின்றது 500 ரூபாய். வளைகாப்பைவிட ஒரு ரூபாய் குறைவு!

ஸ்டுடியோவில் கேட்ட ஒரு விஷயம்

நஷ்டக் கதையாக மட்டும் இருந்திருந்தால், அதோடு மறந்துபோயிருப்பேன்.

அந்த ஆல்பத்தை பிரின்ட்டுக்கு அனுப்ப, எங்கள் தெருமுனை ஸ்டுடியோவுக்குத்தான் போனேன். அந்த ஸ்டுடியோக்காரரை அப்பா 'அண்ணே' என்பார், அதனால் எனக்குப் பெரியப்பா. 1996-ல் அப்பா அம்மா கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தது அவர்தான். என் காதுகுத்துக்கும் அவர்தான்.

பென் டிரைவைப் போட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், மணப்பெண் முகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"இந்தக் கல்யாணமா? நீயா எடுத்த?"

"ஆமா பெரியப்பா."

"போட்டோவுக்கு மட்டும் நான் 38 சொல்லியிருந்தேன். வேற ஆள் பாத்துட்டோம்னு சொல்லிட்டாங்க. யாருன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வெட்டிக்கொண்டிருந்த உதவியாளர் தம்பி தலை நிமிரவில்லை. முகூர்த்த நாளில் வேலைக்குப் போனால்தான் அவனுக்குப் பேட்டா. அந்த முகூர்த்தத்தன்று அவன் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நான் 500 ரூபாய் சம்பாதித்த நாளில்!

"நீ எவ்வளவுக்கு எடுத்த பாப்பா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"12-க்கு எடுத்தது தப்பில்ல. எதுக்கு 12-ன்னு கேட்டா உனக்குச் சொல்லத் தெரியாது பாரு, அதான் தப்பு" என்றவர், மேஜைக்குள் இருந்து ஒரு குயர் நோட்டை எடுத்துப் போட்டார்.

நோட்டில் இருந்த கணக்கு

அதில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பக்கம். ஆள் சம்பளம், பேட்டா, வண்டி, பேட்டரி, ஆல்பம், கரன்ட் பில், கடை வாடகை. எல்லாவற்றுக்கும் கீழே 'கேமரா தேய்மானம்' என்று ஒரு வரி. எனக்கு அது புதிது. கேமரா தேயுமா?

தேயும். என் டி750-ன் ஷட்டர் 1,50,000 க்ளிக்குகளுக்குச் சோதிக்கப்பட்டது என்கிறது நிக்கான். நான் வாங்கும்போதே அது 48,000 க்ளிக் ஓடியிருந்தது. மீதம் 1,02,000. ஒரு கல்யாணத்துக்கு 3,000 க்ளிக் என்றால், 34 கல்யாணங்கள். அதற்குப் பிறகும் ஓடலாம், ஆனால் அதை நம்பி முகூர்த்தத்துக்குப் போக முடியாது. 60,000 ரூபாயை 34-ஆல் வகுத்தால், கல்யாணத்துக்கு சுமார் 1,765 ரூபாய். நான் க்ளிக் செய்ய ஆரம்பித்த நிமிடத்திலிருந்து அம்மாவின் கடன் காசு கரைந்துகொண்டிருக்கிறது!

அன்று ராத்திரி நானும் ஒரு நோட்டுப் போட்டேன். எனக்கு மாதம் 20,000 ரூபாயாவது வேண்டும். வருடத்துக்கு 2,40,000. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மீதி மாதங்களில் புது ஆளான எனக்கு 15 கல்யாணம் கிடைத்தால் பெரிது. ஆக, ஒரு கல்யாணத்தில் என் உழைப்புக்கு மட்டும் 16,000. அதோடு செலவு 11,500, கேமரா தேய்மானம் 1,765, ரிப்பேருக்கு ஓர் ஆயிரம். கூட்டினால் 30,000-ஐத் தாண்டியது.

மறுநாள் பெரியப்பாவிடம் காட்டினேன். "உனக்குக் கடை வாடகை இல்ல. 30 நியாயம்தான். இதுக்குக் கீழ எறங்காத. நீ எறங்குனா நானும் எறங்கணும், அப்புறம் இந்தத் தம்பிக்கு யார் சம்பளம் குடுப்பா?" என்றார்.

30,000 என்றால் யார் வருவார்கள்?

யாரும் வரவில்லை. இரண்டு மாதம் போன் அடிக்கவே இல்லை. இன்ஸ்டாகிராமில் லைக்குகள் குவிந்தன. ஆனால், லைக் போட்டவர்களில் பாதிப்பேர் என்னோடு படித்தவர்கள். அவர்கள் வீட்டில் அப்போது யாருக்கும் கல்யாணம் இல்லை. தவணைக்கு மறுபடி டியூஷன் எடுத்தேன்.

திருப்பம் பெரியப்பா மூலமாகவே வந்தது. "பொண்ணு ரூமுக்குள்ள என் பசங்க போக முடியல. தலை அலங்காரம், புடவை கட்டுறது, அம்மா நகை போட்டுவிடுறது எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கமே முடிஞ்சுபோகுது. நீ வர்றியா?" என்று கேட்டார். நாளுக்கு 7,000 ரூபாய். அவர் ஆர்டர், நான் எடுப்பது மணப்பெண் அறை மட்டும்.

ஊரில் எல்லோரும் செய்வதையே குறைந்த விலைக்குச் செய்ய ஓடிக்கொண்டிருந்தேன். ஊரில் யாராலும் செய்ய முடியாமல் இருந்த ஒன்று என் கையிலேயே இருந்திருக்கிறது. அதன் பிறகு வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பிறந்து 20 நாளான குழந்தை என, பெண் போட்டோகிராபர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வீட்டினர் நினைக்கிற இடங்களைத் தேடிப் போனேன்.

இன்னொன்றும் புரிந்தது. ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், முதலில் யாருக்குத் தெரியும்? மண்டப மேனேஜருக்கு, பத்திரிகை அடிக்கும் பிரஸ்காரருக்கு, பியூட்டீஷியன் அக்காவுக்கு. மூவரிடமும் சின்ன ஆல்பம் ஒன்றைக் கொடுத்து வைத்தேன். பியூட்டீஷியன் அக்கா செய்த மேக்கப் படங்களை, மணப்பெண்களின் அனுமதியோடு அவருக்குக் கொடுத்தேன். அதுவும் இலவசம்தான். ஆனால், பதிலுக்கு என்ன என்று முதலிலேயே பேசிக்கொண்ட இலவசம். அவர் மூலம் மட்டும் அந்த வருடம் ஆறு ஆர்டர்கள் வந்தன.

ஆடி மாதம்? வீட்டில் கேக் செய்து விற்பவர்கள், ஆன்லைனில் புடவை விற்பவர்கள். படத்துக்கு 150 ரூபாய், குறைந்தது 20 படம். கல்யாணக் காசு இல்லை என்றாலும் தவணைக்கு ஆகிவிடும்.

பேப்பரில் எழுதினால் பாதிச் சண்டை இல்லை

பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்களை அப்படியே சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். எத்தனை மணி நேரம், எடிட் செய்த படம் எத்தனை, ஆல்பம் எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், நேரம் கூடினால் எவ்வளவு. பாதிப் பணம் அட்வான்ஸ். அட்வான்ஸ் வராமல் தேதியை பிளாக் செய்வதில்லை. மீதியில் பெரும்பகுதி முகூர்த்தத்துக்கு முந்தைய நாளே. கல்யாணம் முடிந்த பிறகு சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் கொடுத்துக் களைத்துப்போன அப்பாவிடம் போய் நிற்பது நமக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம்.

பேரம் பேசினால் விலையைக் குறைக்க மாட்டேன், வேலையைக் குறைப்பேன். "25-தான் முடியும்" என்றால், "சரிங்க, ஆல்பம் வேண்டாம், பென் டிரைவில் தர்றேன்" என்பேன். ஒன்றுமே குறைக்காமல் 5,000 குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிவிட வேண்டும். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், காசு கொடுத்தவர்தான். எடுத்தது நான்தானே என்று கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போட முடியாது. "ஜி.எஸ்.டி நம்பர் இருக்கா?" என்று சிலர் மிரட்டும் தொனியில் கேட்பார்கள். தமிழ்நாட்டில் நம்மைப் போல சேவை தருகிறவர்களுக்கு, பொதுவாக ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அதுவரை சாதாரண பில் போதும்.

கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால், இரண்டிலும் படம் பதிவாகும்படி வைத்துவிடுங்கள். தாலி கட்டுவது ஒரு தடவைதான்.

அத்தை வீட்டுக் கல்யாணம்

எல்லாவற்றையும்விடப் பெரிய பரீட்சை, அத்தை மகள் கல்யாணம். "சொந்தத்துக்குள்ள காசு பேசுவியாடி?" என்று அம்மாவுக்கே கோபம். மூன்று நாள் வீட்டில் சரியாகப் பேச்சு இல்லை. தவணை கட்டும் நாள் வந்தபோது, நோட்டை அம்மாவிடம் நீட்டினேன். கணக்கை அவர் ஒருமுறைதான் பார்த்தார். "அத்தைக்கும் ஒரு பேப்பர் எழுதிக் குடு" என்றார்.

எழுதினேன். மொத்தம் 30,000. கீழே, 'என் மொய் 10,000'. பாக்கி 20,000. முழுதாக இலவசமாகக் கொடுத்தால் கூட வருகிற ஆளுக்கும் ஆல்பத்துக்கும் அம்மா மறுபடி குழுவில் கடன் கேட்க வேண்டியிருக்கும். விலையைச் சொல்லாமல் குறைத்திருந்தால், நான் கொடுத்தது மொய் என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு மாமாதான் அட்வான்ஸோடு வந்தார். கல்யாணமும் ஆல்பமும் நன்றாகவே வந்தன. ஆனால், இன்றைக்கும் நான் அவர்கள் வீட்டுப் படி ஏறினால், "வாங்க ரேட் கார்டு மேடம்" என்றுதான் அத்தை வரவேற்கிறார். அதில் பாதி கிண்டல், பாதி நிஜக் கோபம். காபி மட்டும் எப்போதும்போல் ஸ்ட்ராங்காக வருகிறது.

14 மாதங்கள் அப்படி ஓடின. குழுக் கடன் அடைந்தது. இந்த டிஜிட்டல் டெஸ்க் வேலையும் கிடைத்தது. இப்போதும் லீவு கிடைக்கும் முகூர்த்த நாள்களில் ஊருக்குப் போய், பெரியப்பாவின் ஆர்டரில் மணப்பெண் அறைக்கு மட்டும் எடுத்துத் தருகிறேன். அவர் கடை ரேட் கார்டில் அது இப்போது தனி வரியாக இருக்கிறது.

ஜூனியருக்கு நான் நம்பர் எதுவும் சொல்லவில்லை. என் நோட்டின் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். "இதுல என் கணக்கை அழிச்சிட்டு உன் கணக்கை எழுது. அப்புறம் உங்க ஊர் ஸ்டுடியோக்காரர் எவ்வளவு வாங்குறாருன்னும் ஒரு வார்த்தை விசாரிச்சுக்கோ" என்றேன்.

ராத்திரி பதில் வந்தது. "அக்கா, 28,000 வருது. இவ்வளவு கேட்டா திட்ட மாட்டாங்களா?"

"நம்பரைச் சொல்லிட்டு வாயை மூடிக்கோ. அடுத்து அவங்க பேசட்டும். 'பாத்துக் குடுங்க'ன்னு மட்டும் சொல்லிடாத!"