பெரிய மார்க்கெட்டும் வைசியாள் வீதியும்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் குடியிருப்பவர்கள் இப்போது அன்றாடச் சாமான்களுக்காக டவுனுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. புனித அந்திரேயர் ஆலயத்தைச் சுற்றியும், அப்பால் மூலகுளம் வரையிலும், விழுப்புரம் சாலையின் இரு மருங்கிலும் துணிக்கடையும் மளிகையும் மருந்துக்கடையும் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்படியிருந்தும், கல்யாணச் சாமான் என்றும் கிருத்திகைக்குப் பூ என்றும் ஏதேனும் ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு டெம்போவில் ஏறி, அண்ணா சாலையில் இறங்கி, நேரு வீதிக்குள் நடக்கிறவர்கள் எங்கள் பேட்டையில் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தக் கோஷ்டியில் நானும் சேர்த்தி.

நேரு வீதி, காந்தி வீதி, பாரதி வீதி, ரங்கப்பிள்ளை வீதி ஆகிய நான்கிலிருந்தும் உள்ளே நுழையக்கூடிய அந்தச் சந்தையை ஜனங்கள் பெரிய மார்க்கெட் என்பார்கள். சர்க்கார் காகிதங்களில் அது, புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரால், குபேர் அங்காடி. உள்ளே எனக்கு நெடுங்காலப் பழக்கமுள்ள மளிகைக்கடை ஒன்று இருக்கிறது. அதற்கு இரும்பு ஷட்டர் கிடையாது. எண்ணிட்ட மரப்பலகைகளைக் காலையில் ஒவ்வொன்றாக உருவிச் சுவரோரம் அடுக்குவார் கடைக்காரர். ஏழாம் எண் பலகை மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டதால் நிறம் வெளிறித் தெரியும். அவர் பலகை அடுக்கி முடிப்பதற்குள் எதிர்வரிசைப் பூக்காரம்மா சில்லறை மாற்ற வந்துவிடுவார். அவர் மாற்றிக்கொண்டு போன சில்லறை வாழையிலைக்காரரிடம் போகும். இலை வாங்க வந்தவர் அடுத்த அடியில் தேங்காய்க்கும், அதற்கடுத்த அடியில் வெற்றிலைக்கும் நிற்பார். பித்தளைக் கடைக்காரர் சாப்பிடப் போனால் பக்கத்துக் கடைப் பையன் குத்துவிளக்கு விலை சொல்லுவான். எவருடைய வியாபாரமும் அவருடைய கடைக்குள் முடிந்துவிடுவதில்லை.

இந்த மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டம் ஒன்று எழுந்தது. இடிவதும் திரும்ப எழுவதும் இந்த ஊருக்குப் புதிய விஷயமல்ல. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட வரைபடத்திலேயே நமது நேர்க்கோட்டு வீதிகளைக் காணலாம் (அந்தப் புகழ் முழுவதையும் பிரெஞ்சுக்காரருக்கே கொடுத்துவிடுவது நமது வழக்கம்). 1761-இல் ஆங்கிலேயர் கோட்டையையும் நகரத்தையும் தகர்த்தார்கள். அந்தக் கோரத்தைக் காணாமல் சில நாட்கள் முன்பே கண்ணை மூடிய நாட்குறிப்புக்காரர் ஆனந்தரங்கப்பிள்ளையின் மாளிகை மார்க்கெட்டுக்கு அருகே இன்றும் நிற்கிறது. 1765-இல் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பிறகு, கலைந்து போயிருந்த குடிகள் திரும்பி வந்து பழைய வீதிக்கோட்டிலேயே வீடு எழுப்பிக்கொண்டார்கள். ஊரைத் திரும்ப ஊராக்கியவர்கள் அவர்கள்.

நம் காலத்தில் அத்தகைய பிரயத்தனம் வைசியாள் வீதியில் நடந்தது. கல்வே சுப்பராயச் செட்டி வீதி என்ற பெயரும் அதற்கு உண்டு. 2002 தொடங்கி 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகரமும் கூட்டாளிகளாய்ச் சேர, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் அந்த வீதியில் ஏறத்தாழ 20 வீடுகளின் முகப்புகளைச் செப்பனிட்டார்கள்; 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அந்த வீதிக்கு வந்தது. இதில் விருதைவிட என் மனத்துக்கு உகந்தது, வீட்டுக்காரர்களை வேடிக்கை பார்க்க விடாமல் செலவிலும் வேலையிலும் அவர்களைப் பங்காளிகளாக்கிய முறை. அந்த வீடுகளின் கீழ்த்தளம் திண்ணையும் முற்றமும் கொண்ட தமிழ்வீடு. மேல்தளம் வளைவு ஜன்னலும் சுவர்த்தூண்களுமாகப் பிரெஞ்சுச் சாயல் கொண்டது. தெருப்பக்கம் மரத்தூண் நட்டு நாட்டோடு வேய்ந்த தாழ்வாரம் இறங்கும். வெயிலில் வருகிற எவனும் வீட்டுக்காரரைக் கேளாமலே அதன் நிழலில் ஒதுங்கலாம். நடுவே சிமெண்டு வந்தது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி ஈரத்தை விடும் சுபாவமுடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும். ஆகவே செப்பனிடுவதில் பாதி வேலை, முன்பு செப்பனிட்டவர்கள் பூசியதைச் சுரண்டுவதாகவே முடிந்துவிடுகிறது.

இன்று அந்த வீதியில் நடந்தால் சில வீடுகள் வெளியூர்க்காரர் தங்கும் விடுதிகளாகிவிட்டதையும், நிலைவாசல்களில் உள்ளூர்க்காரரைவிடப் புகைப்படம் எடுப்பவர் அதிகம் நிற்பதையும் காணலாம். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவதைக் காட்டிலும் விடுதியாக இருப்பது நல்லதுதான். ஆனால் இதே முறையை ஒரு சந்தைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. முகப்பு செப்பனிடும்போது வீட்டுக்காரர் உள்கட்டில் சமைத்துக்கொண்டிருக்கலாம். மார்க்கெட்டைப் பிரித்துப் போட்டால் கடைக்காரர் எங்கே போவார்?

பிரித்துப் போடுவதில் தவறில்லை என்கிறவர்கள் மேரி கட்டடத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். கடற்கரைச் சாலையில் இருந்த அந்தப் பழைய நகரசபைக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. ஊரில் பலரும் சொந்த வீடு விழுந்தாற்போல் துக்கப்பட்டார்கள், பாரம்பரியத்தைக் காக்க வேண்டுமென்று ஜனங்களே கூடிச் சங்கம் அமைத்தார்கள். பிறகு உலக வங்கியின் உதவியோடு சுமார் 15 கோடி ரூபாயில் அதே உருவில் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. கட்டடம் அழகாகவே வந்திருக்கிறது. ஆனால் மேரி ஓர் அலுவலகம். ஆறேழு ஆண்டுகள் இல்லாமற் போனாலும் கோப்புகள் வேறொரு கூரையின் கீழ்க் காத்திருக்கும். வாடிக்கை காத்திராது.

2017-இல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, அதன்படி பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்ட ஏற்பாடாகி, வியாபாரிகளைத் தற்காலிகமாக ரோடியர் மில் திடலுக்கு மாறச் சொன்னபோது எழுந்த கிளர்ச்சியை இந்தக் கோணத்தில்தான் பார்க்கவேண்டும். மார்க்கெட்டைச் சீர்திருத்துவதை வியாபாரிகள் எதிர்க்கவில்லை. மொத்தமாகக் காலி செய்யாமல் பகுதி பகுதியாகக் கட்டுங்கள் என்றார்கள். பூக்காரம்மா ஒருநாள் மல்லிகை தொடுத்துக்கொண்டே, "கொஞ்ச நாள்தான்னு சொல்றாங்க ஐயா. கட்டி முடிக்கிற வரைக்கும் நீங்க முழம் பூவுக்காக மில்லுத் திடலுக்கு நடந்து வருவீங்களா?" என்று கேட்டார். போவேன் என்று சொல்ல நா எழவில்லை. ரெட்டியார்பாளையத்திலேயே பூ கிடைக்கிறது. ஒரே ஒரு பருவம் ஜனங்களின் கால்பழக்கம் மாறிவிட்டால், எத்தனை வேலைப்பாடான கூரையைப் பின்னால் போட்டாலும் அவர்களைத் திரும்ப அழைத்து வருவது கஷ்டம்.

பொறியாளரான என் நண்பர் ஒருவர், பகுதி பகுதியாகக் கட்டினால் செலவும் காலமும் கூடும் என்கிறார். கூடட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் காந்தி வீதியில் காலையில் கூடி இரவில் மூட்டை கட்டிப் போகிற சண்டே மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு, ஒரு வரிசைக் கடைகளை அருகிலேயே நகர்த்தி வைத்து வியாபாரத்தை நடத்தும் சாமர்த்தியம் இந்த ஊருக்கு உண்டு என்பது தெரியும். தை பிறந்து மழை ஓய்ந்த பின் ஒரு பகுதி, அதை முடித்து ஆட்களைத் திரும்பக் குடியேற்றிய பின் மறுபகுதி என்று எடுக்கலாம். எதை முதலில் எடுப்பது என்று என்னைக் கேட்டால் மீன் விற்கும் இடத்துச் சாக்கடையையும் தரையையும் சொல்லுவேன். ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தண்ணீரிலேயே கூடையை வைத்து உட்காரவேண்டிய பெண்களுக்குக் கூரையின் அலங்காரத்தைக் காட்டிலும் அதுதான் அவசரம்.