மயிலிட்டித் துறையில் ஒரு சோதனை

1990இல் மக்கள் நீங்கிய மயிலிட்டித் துறை, 2017இல் மீண்டும் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே பழைய கண்ணாடிநார்ப் படகொன்றை முதியவர் ஒருவர் விலைக்குப் பார்த்தபோது நாமும் உடனிருந்தோம். கண்ணாடிநார் உக்குவதில்லை; அதனுள்ளே மறைந்திருக்கும் பலகையே உக்குகிறது. ஆணித்துளை வழியே இறங்கும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதிலும் உப்புநீரைவிட மழைநீரே பலகைக்குப் பெரும்பகையாம்!

முதியவர் குதிகாலை ஊன்றித் தளமெங்கும் நடந்தார். ஓரிடம் மெத்தெனப் பதிந்தது. சிறு சுத்தியலால் தட்டினார். நல்ல இடம் 'டக்'கென்றது; உக்கிய இடம் 'பொத்'தென்றது.

“தளத்தை மாற்றலாம், மாஸ்டர். இதுதான் உயிர்” என்று, இயந்திரம் பூட்டும் பின்பலகையைக் காட்டினார். நடுக்கடலில் அது பிளந்தால் இயந்திரமும் போய்விடும், படகினுள் நீரும் ஏறிவிடும். உரியவரின் சம்மதத்துடன் அதிலே சிறு துளையிட்டார். கபில நிறத்தில் ஈரத்தூள் வந்தது. விலை கேளாமலே இறங்கிவிட்டார்.