நெய்தல் நிலத்துக்கு ஒரு செலவு

'செலவு' என்னும் சொல்லுக்குப் பணம் கொடுத்தல் என்பதே இன்று நாம் கொள்ளும் பொருள். பழந்தமிழில் அச்சொல் பயணத்தையும் குறித்தது. தலைவன் பொருள் தேடப் புறப்பட எண்ணிப் பின் அவ்வெண்ணத்தைத் தள்ளிவைத்தலை அகப்பொருள் நூலார் 'செலவழுங்குதல்' என்றனர். செல்லுதலும் செலவிடுதலும் ஒரு சொல்லுள் அடங்கியிருத்தல் பொருத்தமே. எங்கே செல்வது என்று எண்ணத் தொடங்கியவுடன் எவ்வளவு பணம் ஆகும் என்னும் எண்ணமும் உடன் எழுகின்றதன்றோ? ஆயினும் இவ்விரண்டுக்கும் முன்னதாக எண்ணத்தக்கது ஒன்று உண்டு. எப்பொழுது செல்வது என்பதே அது.

நம்மவருள் பெரும்பாலோர் எல்லாரும் செல்லும் நாளில், எல்லாரும் செல்லும் இடத்துக்கே செல்கின்றனர். காணும் பொங்கலன்று கடற்கரைக்குச் சென்றவர் கடலைக் கண்டதினும் முன்னே நின்றவரின் முதுகைக் கண்டதே மிகுதி. கடைக்காரர் அந்நாட்களை 'சீசன்' என்பர். ஏனைய நாட்களை 'சீசன் இல்லாத காலம்' என்பர். நம் இலக்கண ஆசிரியரோ வேறு கணக்கு வைத்திருந்தனர். நாற்கவிராச நம்பி இயற்றிய அகப்பொருள் விளக்கம், குறிஞ்சி, முல்லை, பாலை ஆகிய திணைகளுக்குச் சில பெரும்பொழுதுகளையே வகுத்தது. மருதத்துக்கும் நெய்தலுக்குமோ கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறினையும் உரிமையாக்கியது. ஆகவே கடற்கரைக்குப் பருவம் இல்லாத காலம் என ஒன்றில்லை. பருவம் உள்ளது கூட்டத்துக்கே. இவ்வுண்மையை மனத்துள் வைத்துத்தான் நானும் என் மனைவியும் அண்மையில் ஒரு மூன்று நாள் பயணத்துக்குத் திட்டம் வகுத்தோம்.

நாங்கள் கும்பகோணத்தில் வாழ்பவர்கள். கடல் எங்களுக்குத் தொலைவானதன்று. எனினும் 2004-ஆம் ஆண்டுக்குப் பிறகு என் மனைவி கடற்கரையை மிதித்ததில்லை. அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிறு காலையில் எழுந்த ஆழிப்பேரலை, அந்நாளைய நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அவர்களுள் என் மனைவியின் சிற்றன்னை மகளும் ஒருத்தி. இளமையில் ஒரே பாயில் படுத்து, ஒரே விளக்கில் படித்து வளர்ந்தவர்கள் இருவரும். அதன் பின்னர் ஆடிப் பெருக்குக்கும் அமாவாசைக்கும் உறவினர் பூம்புகாருக்கு அழைத்தபோதெல்லாம் அவள் ஏதேனும் ஒரு வேலையைச் சொல்லி நின்றுவிடுவாள்.

நான் பணி ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் அவளே வாய் திறந்தாள்: "ஒருமுறை போய்வர வேண்டும். ஆனால் திருவிழாக் கூட்டத்தோடு வேண்டா. கூட்டத்தில் கடல் காதில் விழாது. நான் அதனை அமைதியாகப் பார்க்க வேண்டும். சிறிது நேரம் அதனோடு தனியே இருக்க வேண்டும்."

அவள் கேட்டது உல்லாசப் பயணம் அன்று என்பது எனக்கு விளங்கிற்று. ஆகவே இத்திட்டத்தைச் செவ்வனே வகுத்தல் என் கடமையாயிற்று.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசனுக்காகக் கூறப்பட்டவை. எனினும் மூன்று நாள் பயணத்துக்குப் புறப்படும் எளியவர்க்கும் அம்முறை நன்கு பொருந்தும்.

முதலாவது, எம் வலிமை. இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. எனக்கு நெடுநேரம் நிற்க இயலாது. ஒரு நாளில் நான்கு ஊர்களைக் காணும் பயணம் எமக்கு ஆகாது. ஆகவே ஓர் ஊரிலேயே இரண்டு இரவுகள் தங்குவதென முடிவு செய்தோம்.

இரண்டாவது, காலம். சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு மாதங்களை ஒவ்வொன்றாகக் கழித்தோம். சித்திரையும் வைகாசியும் பள்ளி விடுமுறைக் காலம். மணலும் காலைச் சுடும். அன்றியும், மீன்கள் இனம் பெருகும் பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லுதல் தடுக்கப்பட்டுள்ளது. துறைகளில் வேலை குன்றி, மீனவர் இல்லங்களில் வருவாய் சுருங்கும் காலம் அது. ஆடியில் காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரில் பெருங்கூட்டம். ஆவணிப் பிற்பகுதியில் வேளாங்கண்ணித் திருவிழா. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை அவ்வழிச் செல்லும் பேருந்துகளில் நிற்கவும் இடம் இராது. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாளில்தான். கூட்டம் இல்லை என்பதற்காக அம்மாதங்களில் கடற்கரைக்குச் செல்லுதல் துணிவாகாது, அறியாமையே ஆகும். மார்கழியின் நடுவில் ஆண்டிறுதி விடுமுறை. தையின் தொடக்கத்தில் பொங்கல்.

எஞ்சியது, தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் இடைப்பட்ட காலம். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். வெயில் இன்னும் முற்றியிராது. வழி நெடுகிலும் சம்பா அறுவடை நிகழும். அக்காலத்திலும் சனி, ஞாயிறு நாட்களை விலக்கினோம். பூசத்துக்கு மறுநாளைத் தேர்ந்தவள் என் மனைவியே. அதற்கு அவள் கூறிய காரணம் எனக்கு வியப்பளித்தது. கிழக்குக் கரையில் முழுமதியன்று, கதிரவன் மேற்கே மறையும் வேளையிலேயே திங்கள் கடலினின்று எழும். மறுநாளோ ஏறத்தாழ இரண்டு நாழிகை கழித்தே எழும். இருள் நன்கு சூழ்ந்த பின்னர் நிலவு கடலை ஒளிரச் செய்வதை அன்று காணலாம். "இளமையில் நாங்கள் இருவரும் அப்படித்தான் பார்த்தோம்" என்றாள் அவள். நான் மேற்கொண்டு ஒன்றும் வினவவில்லை.

மூன்றாவது, இடம். தரங்கம்பாடியைத் தேர்ந்தோம். 'தரங்கம்' என்பதற்கு அலை என்று பொருள். கும்பகோணத்திலிருந்து புகைவண்டியில் மயிலாடுதுறை. அங்கிருந்து பேருந்தில் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சிறிய ஊராயினும் அது பெரிய வரலாறு உடையது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, டென்மார்க்கு நாட்டினர் 1620-ஆம் ஆண்டில் அங்கே டேனிசுபர்க்குக் கோட்டையை எழுப்பத் தொடங்கினர். 1845-ஆம் ஆண்டில் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. 1706-ஆம் ஆண்டில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செருமானியர், நம் நாட்டுச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். சில ஆண்டுகளுக்குள் அங்கே தமிழ் அச்சுக்கூடம் தோன்றிற்று. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டில் அவ்வூரில் அச்சாகி வெளிவந்தது. ஏட்டில் இருந்த தமிழ் தாளில் ஏறிய ஊர்களுள் ஒன்றாதலின், தமிழாசிரியனாகிய எனக்கு அவ்வூர்மேல் தனி விருப்பம் உண்டு.

கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகக் கொண்டது. கொண்டது போக எஞ்சியதைக் காத்து, மீண்டும் கட்டி, மக்கள் அங்கே வழிபடுகின்றனர். அக்கோயிலை அவள் காண வேண்டும் என்பது என் உள்ளக் கிடக்கை. காரணத்தை நான் அவளிடம் கூறவில்லை.

இடத்தைத் தேர்ந்த பின்னர் அவள் ஒரு வினாவை எழுப்பினாள். "மீண்டும் வந்தால் என்ன செய்வது?" என்றாள். எது என்று கூறவில்லை. கூற வேண்டியதும் இல்லை. அச்சத்தை நகைத்து ஒதுக்குதல் ஆகாது. அதற்கு விடை தருதலே முறை. 2004-இல் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007-ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நடுவம் இயங்கி வருகின்றது. கடலடியில் நிலம் நடுங்கிய சில நிமிடங்களிலேயே அதன் அளவைக் கணித்துக் கரையோர மாநிலங்களுக்கு அது செய்தி அனுப்புகின்றது. அஃதன்றி நாமே அறிய வேண்டியதும் உண்டு. நிலம் வலுவாக நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கித் தரை தெரிந்தாலோ, வேடிக்கை பார்த்து நில்லாமல் உடனே கரையை விட்டு அகன்று, தொலைவில் உள்ள மேட்டு நிலத்துக்கு விரைய வேண்டும். அன்று உள்வாங்கிய கடலைப் பார்க்கச் சென்றோர் பலர் திரும்பவில்லை. மாணவர்களே, இதனை நீங்களும் நினைவிற் கொள்க. தங்குமிடத்திலிருந்து ஊருக்குள் செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதனை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதன் பிறகே முகம் தெளிந்தது.

இனி, சிறியனவாகத் தோன்றும் பெரிய செய்திகள் சில. தங்குமிடத்தாரிடம் முன்னரே பேசி, அறை தரைத்தளத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். கோட்டையின் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை எந்நாள் என்று உசாவி அறிந்தோம். கூட்டமில்லாத காலத்தில் உணவுக் கடைகள் சில மூடியிருக்கும்; ஆகவே முதல் வேளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்வதென ஏற்பாடு. விடியற்பனிக்கு ஒரு சால்வை, மருந்துகள், ஒரு குடை, ஒரு கைவிளக்கு ஆகியவற்றோடு மூட்டையை முடித்தோம். கைவிளக்கையும் இரவில் கடற்கரை மணலில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். சனவரி முதல் சில திங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிட இக்கரைகளுக்கு வருவன. வெளிச்சமும் ஓசையும் அவற்றை மிரட்டித் திருப்பிவிடும்.

பணத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். கூட்டமில்லாத காலத்தில் அறை வாடகை சில இடங்களில் குறையும். அவர்களாகக் குறைத்தால் நன்றியோடு ஏற்கலாம். ஆனால் அக்காலத்தில் சுண்டல் விற்கும் சிறுவனிடமும், சங்கு கோத்து விற்கும் மூதாட்டியிடமும் விலையை அடித்துப் பேசுதல் தகாது. நமக்குக் கூட்டமில்லாத இன்பம் என்பது அவர்களுக்கு விற்பனையில்லாத துன்பம். மிச்சமாகும் வாடகைப் பணத்தில் ஒரு பகுதியை அவர்களிடமே பொருள் வாங்கிச் செலவிடுவதென்று என் மனைவி கணக்கில் எழுதினாள்.

இவ்வாறாக மூன்று நாட்களின் காலையும் மாலையும் இன்னின்னவற்றுக்கு என்று நான் ஒரு பட்டியல் எழுதி முடித்தேன். நாற்பது ஆண்டுகள் பள்ளியில் கால அட்டவணை பார்த்துப் பழகியவன் அல்லவா? அவள் அதனை முழுவதும் படித்தாள். பின்னர் எழுதுகோலை வாங்கி, இரண்டாம் நாள் காலைப்பகுதியில் நான் எழுதியிருந்தவற்றை எல்லாம் அடித்துவிட்டு, அவ்விடத்தை வெறுமையாக விட்டாள். "இது எனக்கு" என்றாள்.

நல்ல திட்டம் என்பது ஒவ்வொரு நாழிகையையும் நிரப்புவதன்று. எதற்காகப் புறப்படுகின்றோமோ அதற்கு இடம் விட்டுவைப்பது. மாணவர்களே, நாளை நீங்களும் பல ஊர்களுக்குச் செல்வீர்கள். பிறர் செல்லும் நாளை நோக்காமல், அந்நிலத்தின் காற்றும் மழையும் அங்கு வாழ்வோரின் உழைப்பும் கூறும் நாளை நோக்குங்கள். உம்முடன் வருபவர் எதைக் காண விரும்புகின்றார் என்று கேளுங்கள். அவர் வாய்விட்டுக் கூறாததையும் அறிய முயலுங்கள். அவ்வாறு செல்லும் செலவே பொருளுடைய செலவாகும்.