தைலக் கொட்டகை

நீலகிரியில் அந்நிய மரங்களை அகற்றும் பணி பற்றிய செய்தி ஒன்றை நண்பர் அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "தைலம் காய்ச்சுறதைப் பாக்கணும்னா இந்தக் கோடையிலேயே வந்துடு." அவருக்கு ஊட்டியில் உரக்கடை. கேரட் போடுகிறவர் முதல் காட்டில் இலை வாருகிறவர் வரை எல்லாரும் அவர் கடைப் பெஞ்சில் ஒருமுறையாவது உட்கார்ந்திருப்பார்கள். அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையே வகுத்தது. சீகை, உண்ணிச்செடி இவற்றோடு கற்பூர மரமும் அகற்ற வேண்டியவற்றில் ஒன்று. மலையில் கற்பூர மரம் என்றால் யூக்கலிப்டஸ்; தைலம் வருவது அதன் இலையிலிருந்து.

ஊட்டிக்கும் மஞ்சூருக்கும் இடையே, சாலையை விட்டுச் சரிவில் இறங்கினால் பச்சைத் தார்ப்பாய் போர்த்திய கொட்டகை. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கொட்டகைக்காரர் கேட்டுக்கொண்டார். இலை வருகிற நிலத்தில் பாதி பட்டா; மீதி எது என்பது அவருக்கே தெளிவில்லை. மேலே ஜீப் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

கொட்டகை கண்ணில் படுவதற்கு முன்பே நெடி வந்துவிடுகிறது. பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்தக் குளிர்ச்சி இல்லை. புகையும் வெந்த இலையும் ஈரச் சாம்பலும் கலந்த கனத்த நெடி. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தைலம் மணப்பதே இல்லையாம்.

இந்த மரத்துக்கு இரண்டு வகை இலை. கன்றில் காம்பே இல்லாமல் எதிரெதிராக ஒட்டிக்கொண்டிருக்கும் அகலமான இலை, சாம்பல் கலந்த நீல நிறம். மரமான பிறகு அரிவாள் வளைவில் தொங்கும் நீள இலை. பூர்வீகம் தாஸ்மேனியாவும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும். நீலகிரிக்கு வந்தது 1843 வாக்கில். வெள்ளைக்காரர்கள் மலையேறிக் குடியமர்ந்த சில பத்தாண்டுகளில் ஊட்டியைச் சுற்றியிருந்த சோலைகள் விறகாகிப் போயின. குளிருக்கு அடுப்பெரிக்க, சட்டென்று வளரும் மரம் வேண்டியிருந்தது. பிறகு சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு லாரி லாரியாகக் கீழே இறங்கியதும் இதுதான். மரத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உதிர்ந்த இலை மிச்சம். அந்த மிச்சத்தில் பிறந்தது தைலத் தொழில்.

அண்டாவில் இலையை மிதித்துத் திணிப்பது, மூடியைச் சுற்றிக் களிமண் பூசுவது எல்லாம் நான் போவதற்குள் முடிந்திருந்தது. எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. முந்தைய ஈட்டில் வெந்த இலையைக் காயவைத்து அதையே அடுப்பில் தள்ளுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன். தைலத்தின் உயிரான சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி செல்சியஸ் வேண்டும். நீராவியோடு சேர்ந்துவிட்டால் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கும் சற்றுக் கீழேயே கிளம்பி வந்துவிடும். விறகடுப்பை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலை நடத்த முடிவது அதனால்தான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது, குளிர்தொட்டியிலிருந்து வெளியே வரும் குழாயின் வாயில் வைத்திருந்த ஒரு தகர டின். சமையல் எண்ணெய் வந்த பழைய டின். அடியில் ஓட்டை போட்டு ஒரு குழாயைப் பற்றவைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய் டின்னை ஒட்டியே மேலேறி, விளிம்புக்குச் சில விரற்கடை கீழே வெளிப்பக்கமாக வளைகிறது. மேலிருந்து சொட்டுவது தண்ணீரும் எண்ணெயும் கலந்த வெண்கலங்கல். எண்ணெய் லேசு, மிதக்கும். தண்ணீர் அடியில் தங்கி, அடிக்குழாயில் ஏறி, வளைவு வழியாகத் தானே வழிந்துபோகும். திருகு கிடையாது, பக்கத்தில் ஆள் நிற்கவும் தேவையில்லை. ஆய்வகங்களில் கண்ணாடியில் செய்து ஃபுளோரன்டைன் குடுவை என்று பெயர் வைத்திருப்பது இதைத்தான். வளைவு கொஞ்சம் உயர்ந்துவிட்டால் எண்ணெய் டின்னின் விளிம்பில் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். ரொம்பத் தாழ்ந்தால் எண்ணெய் சேர இடமில்லாமல் அடிக்குழாயில் இறங்கிவிடும். அந்த உயரத்தை யார் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரருதான் சார். கணக்கெல்லாம் தெரியாது. தண்ணிய ஊத்தி ஊத்திப் பாத்தாரு. எத்தனை டின்னு ஓட்டையாச்சுன்னு கேளுங்க."

சொன்னவரைக் கொட்டகையில் எல்லாரும் அம்மாயி என்கிறார்கள். அறுபது வயது இருக்கும். இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் பிறந்தவர். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரைப் பங்கிட 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் அவர் தகப்பனாரும் ஒருவர். ஒப்பந்தத்தில் எண்ணாக இருந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

"தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறினோம். எங்கப்பா ஒரு தேயிலக் கன்ன ஈரச் சாக்குல சுத்தி எடுத்துட்டு வந்தாரு. ராமேஸ்வரத்துல எறங்குனதும் புடுங்கிப் போட்டுட்டாங்க, சார். பூச்சி வருமாம். அப்புறம் மண்டபம் கேம்பு. அங்க ஒரு காயிதம் குடுத்தாங்க, கோத்தகிரின்னு எழுதி. கோத்தகிரி எங்க இருக்குன்னு எங்கப்பாவுக்கும் தெரியாது, எழுதுனவருக்கும் தெரியல."

தாயகம் திரும்பியோர் என்று தாளில் எழுதினார்கள். மலையில் பெயர் சிலோன்காரங்க. அம்மாயி தோட்டம் தோட்டமாகக் கொழுந்து எடுத்திருக்கிறார், எங்கும் பதிவு இல்லாத கூலியாக. கல்யாணமான பிறகு கணவரோடு இலை வார வந்தார். தேயிலை வேலையை ஏன் விட்டீர்கள் என்றேன். அங்கே வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டும். இங்கே காட்டெருமை மட்டும்தான் என்றார். "கங்காணிக்குக் காட்டெருமை தேவல சார். சத்தம் போட்டா போயிரும்."

உண்மையில் காட்டெருமை எப்போதும் போய்விடுவதில்லை. பக்கத்துச் சரிவில் இலை வாரிய ஒரு பெண்ணின் இடுப்பெலும்பை அது முறித்ததையும் இவரே, சாப்பிட்டுக்கொண்டே, பிறகு சொன்னார்.

வாருவது பார்க்கச் சுலபம். காட்டு மிலாறில் கட்டிய விளக்குமாறால் இலையைக் கூட்டிக் குவித்து, பட்டைச் சுருளையும் காயையும் பொறுக்கி எறிந்துவிட்டு, படங்குச் சாக்கை விரித்து வாரிப்போட்டுக் கட்ட வேண்டும். சிக்கல் எடையில். விடியலில் பனி ஈரத்தோடு வாரினால் மூட்டை கனக்கும். கொட்டகைக்காரர் ஈரத்துக்கென்று பத்துக்கு ஒன்று கழித்துவிடுவார். வெயில் ஏறிய பிறகு வாரினால் இலை மொடமொடவென்று காய்ந்து எடையே நிற்காது. கழிவும் இல்லாமல் கனமும் குறையாமல் ஒரு நேரம் உண்டு, ஏறக்குறைய காலை டீ நேரம். அந்த நேரத்துக்குள் இந்தச் சரிவு முழுவதும் பெண்கள் ஓடுகிறார்கள். ஒரு கிலோ இலைக்குக் கிடைப்பதை வைத்து ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்க முடியாது. நூறு கிலோ இலையில் ஒரு லிட்டர் எண்ணெய் வந்தால் அது நல்ல ஈடு.

சளி பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது அம்மாயி சிரித்தார். "தைலமா? அது விக்கிறதுக்கு சார்." வீட்டில் ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவிட்டு, மஞ்சள் தூவி, போர்வையைப் போட்டுக்கொண்டு வேது பிடிக்கிறார்கள். முழங்கால் வலிக்கு மட்டும் சில சொட்டுத் தைலம், அதுவும் தேங்காயெண்ணெயில் கலந்து. அப்படியே தேய்த்தால் தோல் எரிந்து சிவந்துவிடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாட்டிலை உயரத்தில் வைக்கச் சொல்வாராம். இதில் மருத்துவர்களும் அவர் கட்சிதான். ஒரு தேக்கரண்டி தைலம் உள்ளே போனாலும் சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். மூக்கில் தடவுவதும் ஆபத்து. இன்னொன்றும் சொன்னார்: குழாயில் முதலில் வரும் எண்ணெயை மோந்து பார்க்காதீர்கள், இருமல் பிடுங்கும் என்று. சுத்திகரிக்காத எண்ணெயில் சீக்கிரம் ஆவியாகும் ஆல்டிஹைடுகள் உண்டு, அவை தொண்டையை அரிக்கும். அம்மாயி ஆல்டிஹைடைக் கண்டதில்லை, இருமிப் பார்த்திருக்கிறார்.

தைலம் சளியைக் குணமாக்குகிறதா? சளி தன் நாளில் தானே போகிறது. சினியோல் நம் நரம்பில் குளிரை உணரும் வாயிலைத் தட்டிவிடுகிறது. மூக்கடைப்பு அப்படியே இருந்தாலும் காற்று தாராளமாக ஏறுவதாகத் தோன்றுகிறது. வலியிலும் ஏறக்குறைய இதே கதைதான், தோலில் ஒரு உணர்ச்சியைக் கிளப்பி உள்ளே இருக்கும் நோவை மறக்கவைக்கும். ராத்திரி மூச்சுவிட முடியாமல் புரள்கிறவருக்கு அந்தத் தோற்றமே பெரிய உபகாரம், நான் குறை சொல்லமாட்டேன். கொரோனா காலத்தில்தான் இது தலைகீழானது. ஆவி பிடித்தால் கிருமி சாகும் என்று பொது இடங்களில் குழாய் வைத்தார்கள். 2021 மே மாதத்தில் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வருடம் கொட்டகைக்குக் கூடுதலாக ஏதும் கிடைத்ததா என்று கேட்டேன். "டவுன்ல வெல ஏறுச்சுன்னாங்க. மூட்டைக்கு அதே காசுதான்."

காரணம் முன்பணம். சீசன் தொடங்கும் முன் வியாபாரி வந்து அண்டாவைப் பழுதுபார்க்கவும் நிலத்துக் குத்தகைக்கும் பணம் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு சொட்டுகிற எண்ணெய் எல்லாம் அவருடையது, அவர் சொல்லும் விலையில். மருந்துத் தரத்துக்குக் குறைந்தது 70 சதவீதம் சினியோல் வேண்டும். ஆய்வகத்தில் பார்த்தேன், உன் எண்ணெயில் அது இல்லை என்று வியாபாரி விலையைக் குறைப்பார். அந்த ஆய்வகச் சீட்டைக் கொட்டகைக்காரர் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். பால் ஊற்றப் போகிறவருக்குக் கொழுப்புச் சத்து காட்டும் கருவி சொசைட்டி வாசலிலேயே இருக்கிறது. எண்ணைப் பார்த்துவிட்டுச் சண்டை போடலாம். சிறு தேயிலை விவசாயிகளுக்கு இதே மலையில் கூட்டுறவு ஆலைகள் உண்டு. குறை ஆயிரம் இருந்தாலும் கேள்வி கேட்க ஒரு அலுவலக வாசல் உண்டு. அதே மலையின் பெயரைத் தாங்கி நாடு முழுக்க விற்கும் தைலத்துக்கு ஒரு பொதுத் தராசு கூட இல்லை. சீனாவிலிருந்து வரும் மலிவு எண்ணெயில் ஒரு பங்கு யூக்கலிப்டஸ் இலையே அல்ல, அசல் கற்பூர மர வகையிலிருந்து பிரித்தது. அதோடு போட்டி போட முடியாது என்று வியாபாரி சொல்வது பொய்யில்லை. ஆனால் போட்டியின் நஷ்டம் முழுவதையும் இலை வாருகிறவரின் மூட்டையில் கழித்துவிட்டு, எண்ணெயில் விலை குறைந்த வேறொன்றைக் கலந்து, 'சுத்தமான நீலகிரித் தைலம்' என்று சீட்டு ஒட்டுவதற்குச் சீனாவா காரணம்?

கலப்படம் என்றதும் அம்மாயி பழைய காலண்டர் தாளைக் கிழித்து, டின்னிலிருந்து விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து விட்டார். எண்ணெய் பரவி வட்டமாகத் தாளை ஊடுருவியது. அடுப்புக்கு எட்ட வைத்தார். கொஞ்ச நேரத்தில் வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து இல்லாமல் போனது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கறை இல்லை. ஆவியாகாத எண்ணெய் கலந்திருந்தால் வட்டம் அப்படியே நிற்கும். டர்பன்டைன் மாதிரி அதுவும் ஆவியாகும் சரக்கைக் கலந்தால் இந்தச் சோதனை பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மரங்களை எடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இதே மலையில் கிளன்மார்கனில் புல்வெளியை இந்த மரக்காடாக்கி ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்த மண்வள ஆராய்ச்சியாளர்கள், ஓடையில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். இந்த மலையின் தண்ணீரைத்தான் பவானி கீழே கொண்டுபோகிறது. ஆனால் மரத்தை எடுக்கும் கணக்கில் ஏக்கர் உண்டு, டன் உண்டு. இலை வாருகிறவர்கள் எந்தப் பத்தியிலும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்தையும் சிலோனிலிருந்து வந்தவர்களையும் ஒரே வார்த்தையில் வேற்றாள் என்கிறார்களே என்று அம்மாயியிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"மரத்தையும் மனுசரையும் ஒண்ணாச் சொல்லாதீங்க சார். மரம் தண்ணி குடிக்குது. எங்க லயத்துக்குக் கீழ ஊத்து இருந்துச்சு, இப்ப இல்ல. வெட்டட்டும். எங்களுக்கு வேற வேல குடுத்துட்டு வெட்டட்டும்." மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், வரச் சொல்கிறார். அம்மாயி ஒருமுறை போய்ப் பார்த்து, வெக்கை தாளாமல் திரும்பிவிட்டார்.

கிளம்பும்போது அரை லிட்டர் கேட்டேன். கொட்டகைக்காரர் தயங்கினார். கேனில் குறைந்தால் வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். "டவுன்ல வாங்கிக்கங்க சார், நம்ம எண்ணெய்தான் அங்கயும்."

ஊட்டியில் ஒரு கடையில் சின்னப் பாட்டில் வாங்கி, அங்கேயே பில் தாளின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். வட்டம் நின்றது. "பேப்பர் சரியில்ல சார்" என்றார் கடைக்காரர்.