கழித்தலில் மிஞ்சும் இம்மி

அணுக்கருவின் பிணைப்பாற்றலைக் கணக்கிடுவது, இரண்டு பெரிய எண்களைக் கழித்து, மிஞ்சும் இம்மியளவு எச்சத்தைச் சிதையாமல் காப்பாற்றும் வேலையாகும். தனித்தனியே நிற்கும் புரோட்டான்கள், நியூட்ரான்கள் ஆகியவற்றின் மொத்த நிறையைவிட, அவை கூடி அமைத்த அணுக்கருவின் நிறை சற்றுக் குறைவாக இருக்கிறது. நிறைக் குறைபாடு எனப்படும் இந்த வேறுபாடே, அக்கருவை மீண்டும் துகள் துகளாகப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலுக்கு, அதாவது பிணைப்பாற்றலுக்கு, அளவுகோல். நான்கு ஹைட்ரஜன் அணுக்களைவிட ஹீலியம் அணு இலேசானது என்ற இயற்பியலாளர் ஆஸ்டனின் அளவீட்டைக் கொண்டே, சூரியனின் ஆற்றல் எங்கிருந்து வரக்கூடும் என்பதை வானியலாளர் எடிங்டன் 1920இல் ஊகித்தார். ஓர் அணு நிறை அலகு 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சமமாதலால், மூன்றாம் தசம இடத்தில் நேரும் ஒரு சறுக்கல் விடையில் ஏறத்தாழ ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டாகப் பெருகிவிடும்.

இரும்பு-56இல் 26 புரோட்டான்களும் 30 நியூட்ரான்களும் உள்ளன. ஹைட்ரஜன் அணுவின் நிறையை 1.007825 எனவும், நியூட்ரானின் நிறையை 1.008665 எனவும் கொண்டு கூட்டினால் 56.463400 வருகிறது; அதிலிருந்து இரும்பு அணுவின் நிறையான 55.934937ஐக் கழித்தால் எஞ்சுவது 0.528463. இதன் ஆற்றல் மதிப்பு 492.26 மெகா எலக்ட்ரான் வோல்ட். புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் பொதுப்பெயரான நியூக்ளியான் ஒன்றுக்கு 8.79. வேலை சுருங்கட்டும் என்று நிறைகளை முன்கூட்டியே மூன்று தசமங்களுக்கு முழுமையாக்கினால், அதே கணக்கு 9.03 என்று விடை தருகிறது. இயற்கையில் எந்த அணுக்கருவும் எட்டாத உயரம் அது.

மற்றொரு பிழை இதைவிடப் பொல்லாதது. அட்டவணைகள் தருவது பெரும்பாலும் எலக்ட்ரான்களையும் சேர்த்த அணுவின் நிறையையே. ஆதலால் புரோட்டானின் நிறைக்குப் பதிலாக ஹைட்ரஜன் அணுவின் நிறையைக் கூட்டினால்தான் இருபுறமும் 26 எலக்ட்ரான்கள் நின்று கழிந்துபோகும். அதை மறந்து 1.007276 என்ற புரோட்டான் நிறையைக் கூட்டியவருக்குக் கிடைப்பது 8.55. 9.03 தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும், 8.55 நல்ல பிள்ளையாகத் தாளில் உட்கார்ந்திருக்கும். நியூக்ளியானுக்குரிய பிணைப்பாற்றலில் நிக்கல்-62க்கும் இரும்பு-56க்கும் இடையிலான வேறுபாடு வெறும் 0.004 என்பதையும், அதில் முந்துவது பலரும் எண்ணுவதுபோல் இரும்பு அன்று, நிக்கலே என்பதையும் நினைத்தால், இப்பிழையின் பருமன் விளங்கும்.

கணக்கு சரியாக வந்தபின்னும், நியூக்ளியானுக்குரிய பிணைப்பாற்றல் மிகுந்தால் கரு நிலைக்கும் என்று அவசரமாக முடிவுகட்டக் கூடாது. லித்தியம்-6இன் மதிப்பு 5.33 மட்டுமே, ஆயினும் அது சிதைவதில்லை. பெரிலியம்-8இன் மதிப்பு 7.06, ஆயினும் ஒரு நொடியை நூறு கோடிக் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறளவே அது தாக்குப்பிடிக்கிறது. ஒரு கரு எவ்வாறெல்லாம் உடையக்கூடும் என்று பார்த்து, அந்தத் துண்டுகளின் மொத்த நிறையோடு அதன் நிறையை ஒப்பிடுவதே நிலைப்புத்தன்மையை அறியும் வழி. லித்தியம்-6 எப்படி உடைந்தாலும் துண்டுகளின் நிறை கூடுதலாகவே இருக்கும். பெரிலியம்-8இன் நிறை 8.005305, அது பிளந்து தரும் இரு ஹீலியம் அணுக்களின் நிறை 8.005206. மூன்று தசமங்களுக்கு முழுமையாக்கிய நிறைகளைக் கொண்டு இதே ஒப்பீட்டைச் செய்தால் 8.005க்கு எதிரே 8.006 நிற்கும்; தாளில் பெரிலியம்-8 உடையவே உடையாது.